தொட்டிக்குப் பன்னிரண்டு

போன மாதம் பாலையூற்றில் என் வீட்டு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இரண்டு இளம் உத்தியோகத்தர்கள் இறங்கினார்கள். சிங்க இறால் குஞ்சு வளர்க்கும் திட்டம் மறுபடியும் தொடங்கப் போகிறதாம். பழைய நிலையத்தில் வேலை செய்தவர்களில் இன்னும் நடமாடக்கூடியவன் நான் ஒருவன்தான் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கதிரை போட்டு இருத்தினேன். கையில் அச்சடித்த தாள் வைத்திருந்தார்கள்.

"ஒரு தொட்டிக்கு எத்தினை குஞ்சு விடலாம் ஐயா?"

"பன்னிரண்டு."

எழுதிக்கொண்டார்கள்.

"தீன் எத்தினை நாளைக்கு ஒருக்கா?"

"ஒவ்வொரு நாளும் பின்னேரம். ஞாயிற்றுக்கிழமையும்."

"ஒவ்வொரு நாளும் எண்டால் ஞாயிறும் அதுக்குள்ள வரும்தானே" என்று மற்றவர் சிரித்தார்.

"வரும் தம்பி. எனக்கு அது விளங்கப் பத்து மாதம் சென்றது" என்றேன்.

ஏன் என்று கேட்பார்கள், சொல்லலாம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டேன். அவர்களுடைய தாளில் 'ஏன்' என்பதற்கு இடம் விட்டிருக்கவில்லை. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆகவே எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த அடுத்த வருடம் துறைமுகத்துக் கடற்படைத் தளத்தில் கூலியாளாகச் சேர்ந்தேன். சுதந்திரம் நாட்டுக்குத்தான் வந்திருந்தது, தளத்துக்கு வந்திருக்கவில்லை, அங்கே வெள்ளைக்காரர்தான். கப்பல்களின் அடியில் ஒட்டி வளரும் சிப்பியையும் பாசியையும் சுரண்டுவது என் வேலை. அவர்கள் போனபின் பல வருடம் மீன் களஞ்சியமொன்றில் ஐஸ் உடைத்தேன். பிறகு உட்துறைமுகக் கரையில் இருந்த அரசாங்கப் பரிசோதனை நிலையத்துக்கு ஆள் எடுத்தார்கள். எட்டு வருடம் கடலில் உயிர் வளரவிடாமல் சுரண்டியவனைக் கடலுயிர் வளர்க்கும் வேலைக்குத் தெரிவு செய்தார்கள். ஆண்டவருடைய ஏற்பாடுகளில் இப்படி ஒரு சிரிப்பு இருக்கும். வேலை தற்காலிகம். பரிசோதனை சரிவந்தால் நிரந்தரமாக்குவோம் என்றார்கள்.

அது பாணுக்கு விடியுமுன் வரிசையில் நின்ற காலம். எங்கள் வீட்டு அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு அவிந்த நாட்களில், நிலையத்தில் நான் இறால் குஞ்சுகளுக்குப் புதுச் சூடை மீனை முள் நீக்கி வெட்டிக்கொண்டிருந்தேன்.

சிங்க இறாலுக்கு நண்டுபோலக் கவ்வும் கை கிடையாது. முதுகெல்லாம் முள், தலையில் உடம்பைவிட நீண்ட இரண்டு மீசை. வளர்ந்துவிட்டால் ஹோட்டல்காரர் கேட்ட விலை கொடுப்பார்கள். ஆகவே எங்கள் ஆட்கள் அதைப் பிடிப்பதோடு சரி. சாம்பல்தீவுப் பக்கத்து மீனவர்கள் கல்லிடுக்குகளில் விரல் நீளக் குஞ்சுகளைப் பிடித்து, ஈரச்சாக்கில் பாசி பரப்பிக் கொண்டுவந்து தருவார்கள். நிலையத்தில் நாலு சீமெந்துத் தொட்டிகள். ஒவ்வொன்றும் ஆறடி நீளம், நாலடி அகலம். இயந்திரம் ஒருபக்கத்தால் கடல்நீரை ஏற்றும், மறுபக்கத்தால் அது வழிந்து போகும். அடியில் கூரை ஓடுகளைக் கவிழ்த்து வைத்திருப்போம். குஞ்சுகள் பகலில் அதற்குள் ஒளிந்திருக்கும். மேலே தென்னோலைக் கிடுகு மறைப்பு.

பின்னேரம் ஐந்து மணிக்குத் தீன். சூடையும் மட்டியும். மட்டியை உடைத்துச் சதையைக் கழுவி, சுண்டுவிரல் நகத்தளவு வெட்ட வேண்டும். துண்டு பெரிதென்றால் பலசாலி அதை இழுத்துக்கொண்டு ஓட்டுக்குள் போய்விடும், மற்றவை பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு மூலையில் கொட்டவும் கூடாது. நெல் விதைப்பதுபோல் தொட்டி முழுக்கத் தூவ வேண்டும். காலை ஆறு மணிக்கு மிச்சத்தைக் கைவலையால் அள்ள வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் பழுதாகிவிடும். அதன்பிறகு ஓடு ஓடாகத் தூக்கி எண்ண வேண்டும்.

எண்ணுவதிலும் கவனம் வேண்டும். குஞ்சு வளரும்போது பழைய கோதைக் கழற்றிவிட்டு வெளியே வரும். சட்டை கழற்றுவது என்போம். கழற்றிய சட்டை கண், கால், மீசை எல்லாவற்றோடும் முழு இறால் போலவே கிடக்கும். புதிதாக வேலைக்கு வந்தவன் இரண்டாக எண்ணிவிடுவான். சட்டை கழற்றிய குஞ்சோ தண்ணீரில் ஊறிய பாண் மாதிரி இருக்கும். இரண்டு மூன்று நாளைக்கு அதன் முள்கூடக் குத்தாது.

நிலையத்துக்குப் பொறுப்பானவர் நவரத்தினம் ஐயா. வெளிநாட்டில் பயிற்சி பெற்றவர். வெள்ளை அரைக்காற்சட்டை, முழங்கால்வரை காலுறை. அவர் ஒருநாளும் யாரையும் ஏசியதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும். "நீங்கள் சொல்வதை எழுதித் தரமுடியுமா?" என்று மெல்லக் கேட்பார். எங்களில் பாதிப்பேருக்கு எழுத வராது, மீதிப்பேருக்குத் துணிவு வராது. ஆகவே நிலையத்தில் எப்போதும் அமைதி.

தொட்டிக்கு நாற்பது குஞ்சு என்பது ஐயா வைத்த கணக்கு. வெளிநாட்டுப் புத்தகத்தில் இருந்ததாம். "ஐயா, நெருக்கமாக் கிடக்குது" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். எழுதித் தரமுடியுமா என்று கேட்டார். அத்தோடு எனக்கு நெருக்கம் தெரியாமல் போய்விட்டது.

நான் கத்தோலிக்கன். எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையில் பூசை, பின்னேரம் ஆசீர்வாதம். வேலைக்குச் சேர்ந்த அன்றே ஐயாவிடம் கேட்டேன்: சனி பின்னேரம் இரண்டு பங்கு தீன் போட்டுவிடுகிறேன், ஞாயிறு வரமாட்டேன்.

"உயிர்கள் ஒருநாள் பொறுக்குமா?"

"பெரிய வெள்ளிக்கு நாங்கள் பொறுக்கிறம்தானே ஐயா."

அவர் சைவக்காரர்; கந்தசட்டி ஆறு நாளும் விரதம் பிடிப்பவர். ஒருநாள் பட்டினி ஒன்றும் செய்யாது என்பதில் எங்கள் இரண்டு சமயமும் ஒத்துப்போயின. சம்மதித்தார். இறாலிடம் யாரும் கேட்கவில்லை. இரண்டு பங்கு போட்டால் வைத்து வைத்து இரண்டு நாளைக்குச் சாப்பிடும் என்று நான் நினைத்தது என் வீட்டை வைத்து. இறால் அப்படிக் குடும்பம் நடத்துவதில்லை. சனி இரவே தின்று முடித்துவிடும். தின்னாதது ஞாயிறு காலையில் நாறிப்போகும்.

இனிக் காசிம் காக்காவைச் சொல்ல வேண்டும். எங்கள் காவலாளி, கிண்ணியாக்காரர், என்னிலும் பத்து வயது மூத்த அண்ணன் முறை, அதனால் காக்கா. மாலை ஆறுக்கு வந்து காலை ஆறுக்குப் போவார். ஞாயிறு பகலும் அவர் ஒருவரே. இராச்சோற்றை உமல் என்ற பனையோலைப் பையில் கொண்டுவருவார். வாய் சும்மா இருக்காது. நான் மீன் வெட்டிய கத்தியைக் கழுவும்போது வந்து நின்று, "ஒங்கட றாலுக்கு அடுத்த பிறவி என்ன வேணுமாம் சூசை? இந்தப் பிறவியில ஒரு குறையும் இல்லையே" என்பார். பென்சனுக்கு அவருக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது.

முதல் மாதங்கள் நன்றாகத்தான் போயின. நாற்பதும் செழிப்பாக வளர்கின்றன என்று ஐயா கொழும்புக்கு அறிக்கையும் அனுப்பிவிட்டார். அதன்பிறகு குறையத் தொடங்கியது. ஒரு தொட்டியில் இரண்டு, இன்னொன்றில் மூன்று. செத்த உடம்பும் இல்லை, கழற்றிய சட்டையும் இல்லை. ஐயா தாளில் கட்டம் போட்டு ஆராய்ந்தார். குறைவதெல்லாம் திங்கட்கிழமை காலையில் என்று கண்டுபிடித்தார். நல்ல கண்டுபிடிப்புத்தான். ஞாயிறு பகல் தொட்டிகளோடு தனியே இருப்பது யார் என்பது அடுத்த கண்டுபிடிப்பு.

"திங்கள் காலையில் காவலாளி போகும்போது அவருடைய உமலை நீங்கள் பார்க்க வேண்டும், சூசைப்பிள்ளை."

"நானோ ஐயா?"

"நீங்கள் கோயிலுக்குப் போகிறவர். நேர்மையாகப் பார்ப்பீர்கள்."

முதல் திங்கள் வாசலில் நின்று வார்த்தையை மென்று விழுங்கினேன். "காக்கா, ஐயா சொல்லிப்போட்டார்... உமலை ஒருக்கா..."

காசிம் காக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். உமலை நிலத்தில் வைத்தார். கையை விட்டேன். சோறு கட்டிய இலை, வெற்றிலைச் சரை, மடித்த சாரம்.

"வடிவாக் கைய விட்டுப் பாரு சூசை. அடியில மீசை கிடக்கும்" என்று சிரித்தார்.

அடுத்த திங்கள் சிரிக்கவில்லை. மூன்றாம் திங்கள் குஞ்சு கொண்டுவந்த மீனவர் நாலுபேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கதை அவருக்கு முன்னமே ஊர்போய்ச் சேர்ந்துவிட்டது. கிண்ணியாத் துறையைக் கடக்கும் மிதவையில் ஆட்கள், "என்ன காக்கா, ஊட்ட இண்டைக்கு றால் ஆணமா?" என்று கேட்டார்களாம்; ஆணம் என்றால் அவர்கள் பேச்சில் கறி. அவர் மிதவையின் ஓரத்தில் தண்ணீரைப் பார்த்தபடி நின்றதாகக் கேள்விப்பட்டேன்.

உமலில் ஒன்றும் அகப்படாதது ஐயாவுக்குத் தடையாக இருக்கவில்லை. கெட்டிக்காரக் கள்ளன் என்று முடிவு செய்தார். காவலாளியை வேலையிலிருந்து நீக்கும்படி தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் தட்டச்சு செய்தாகிவிட்டது. புதன்கிழமைத் தபாலில் போகும், நீங்களும் சாட்சிக் கையெழுத்து வைக்க வேண்டியிருக்கும் என்று ஒரு வெள்ளிக்கிழமை என்னிடம் சொன்னார்.

அந்த ஞாயிறு பின்னேரம் ஐந்தரைக்கு ஆசீர்வாதத்துக்கு வெளிக்கிடும்போதுதான் செபமாலையைக் காணவில்லை என்று தெரிந்தது. நிலையத்தில் ஆணியில் மாட்டிய வேலைச்சட்டைப் பையில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். எடுக்கப் போனேன். காசிம் காக்கா வாசலில் இருந்தார்.

"என்ன சூசை, உமல் பாக்க வந்தியா? இண்டைக்குத் திங்களில்லையே."

உள்ளே போனேன். இரண்டாம் தொட்டியில் ஏதோ கரகரவென்று கேட்டது. மீசையடியை உரசி இறால் அப்படிச் சத்தம் போடும். குனிந்து பார்த்தேன். கிடுகு நிழலில் ஒரு குஞ்சு அப்போதுதான் சட்டை கழற்றி வெளியே வந்திருந்தது. ஒளிக்க ஓடு தேடியது. ஒவ்வொரு ஓட்டுக்குள்ளும் மூன்று நாலு ஏற்கெனவே இருந்தன. வெளியே தள்ளின. பிறகு அவையும் வெளியே வந்தன. ஆறேழு சுற்றிக்கொண்டன. மூன்று பரலோக மந்திரம் சொல்லும் நேரம்தான், குஞ்சு இல்லை. அதன்பின் கழற்றிய சட்டையைக் கொறிக்கத் தொடங்கின.

"காக்கா! ஓடி வாங்கோ!"

வந்தார். தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு சட்டையின் கடைசிக் கால் தின்னப்படும்வரை பார்த்தார்.

"இது ஞாயிறுல மட்டும் ஏன் நடக்குது?"

"இண்டைக்குத் தீன் இல்லைத்தானே."

"ஏன் இல்ல?"

"நான் பூசைக்குப் போறனான் காக்கா."

"நீ கும்புடப் போனதுக்கு என்ட உமலக் கிண்டி இரிக்கிறீங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வாசலுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

செபமாலையை எடுத்துக்கொண்டு நேரே கோயிலுக்குப் போய், சுவாமி உள்ளே இருந்து பாவம் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியடியில் முழங்காலில் நின்றேன்.

"சுவாமி, ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யாததால எனக்கு ஒரு பாவம் வந்திட்டுது."

"திருப்பிச் சொல்லு" என்றார். சொன்னேன். உமல் கதையையும் சொன்னேன்.

"முப்பது வருசமா இதுக்குள்ள இருக்கிறன். ஞாயிறு வேலை செய்தனான் எண்டுதான் எல்லாரும் வாறவை" என்றார் சுவாமி. "நாளைக்கு உங்கட ஐயாவிட்டப் போய் இதையே சொல்லு. அதுதான் பிராயச்சித்தம்."

"ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை மாதிரி வேற ஏதும்..."

"அது லேசு. இதைச் செய்."

வீட்டில் என் மனைவி திரேசா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டு, "சொன்னா நிரந்தரம் கிடைக்குமோ?" என்றாள்.

"கிடையாமலும் போகலாம்."

"அந்த மனுசனுக்கு எத்தினை பிள்ளை?"

"ஏழு."

"எங்களுக்கு நாலுதானே. போய்ச் சொல்லுங்கோ."

திங்கள் காலை சொன்னேன். ஐயா தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "நீங்கள் சொல்வதை எழுதித் தரமுடியுமா?"

"ஏலும் ஐயா."

பேனையை மேசையில் வைத்துவிட்டு முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பதிலை அந்த அறை அதற்குமுன் கேட்டதில்லை. மத்தியானம்வரை இருந்து எழுதிக் கொடுத்தேன். வாசித்தார்.

"பசி என்றால் உங்கள் தவறு. நெருக்கம் என்றால்..." என்று தொடங்கி நிறுத்தினார். நாற்பதும் செழிப்பு என்ற அறிக்கை கொழும்பில் இருந்தது. கள்ளன் ஒருவன் இருந்தால் அந்த அறிக்கை பிழையில்லை. "தின்றதைக் கண்டது நீங்களும் காவலாளியும் மட்டும். இரண்டு பேரும் சம்பந்தப்பட்டவர்கள்."

"அப்ப பூட்டிப் பாப்பம் ஐயா. திறப்பு உங்களிட்டயே இருக்கட்டும்."

யோசித்தார். ஒழுங்குமுறை என்றால் அவருக்கு ஆசை. கடிதம் புதன் தபாலில் போகவில்லை. சனி பின்னேரம் அவரே ஓடு தூக்கி எண்ணினார். மூன்று தொட்டியில் நாற்பது நாற்பது. நாலாவதில் பன்னிரண்டு மட்டும். கடல் கொந்தளிப்பாக இருந்ததால் மீனவர்கள் கொண்டுவந்தது போதாமல், மற்ற மூன்றிலும் குறைந்ததை அதிலிருந்து எடுத்து நிரப்பியிருந்தோம். நான் வழக்கம்போல் இரண்டு பங்கு போட்டேன். எல்லாம் வழக்கம்போல் இருக்க வேண்டும் என்பது உத்தரவு. கம்பிவலை மூடி, பூட்டு, பூட்டின்மேல் அரக்கு, அரக்கில் அலுவலக முத்திரை. காசிம் காக்காவை லீவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறு காவலாளி ஒருவரைப் போட்டார்.

அடுத்தநாள் பூசையில் நான் கேட்டதை நினைத்தால் இப்போதும் வெட்கம். ஆண்டவரே, உமது சிறிய உயிர்களில் நாலைந்தையாவது சாகவிடும் என்று முழங்காலில் நின்று மன்றாடினேன்.

திங்கள் காலை அரக்கு உடையாமல் இருந்தது. ஐயா தானே உடைத்தார். முதல் தொட்டியில் முப்பத்தெட்டு. இரண்டாவதில் முப்பத்தேழு. மூன்றாவதில் முப்பத்தொன்பது. மூன்றையும் இரண்டாம்தரம் எண்ணினார். எனக்கு மூச்சு வந்தது. கடைசியாக நாலாம் தொட்டிக்குப் போனார். பன்னிரண்டு. ஒவ்வொரு ஓட்டுக்குள்ளும் ஒன்று. ஒரு ஓட்டுக்கு வெளியே கழற்றிய சட்டை ஒன்று முழுதாகக் கிடந்தது. அதன் சொந்தக்காரன் மெத்தென்ற உடம்போடு உள்ளே பத்திரமாக இருந்தான்.

"இதற்கும் நேற்றுத் தீன் இல்லைத்தானே?"

"இல்லை ஐயா."

அந்தத் தொட்டியடியில் நின்று மற்ற மூன்றையும் திரும்பிப் பார்த்தார். பசி நாலு தொட்டிக்கும் ஒன்றுதான். எனக்கு விளங்குமுன் அவருக்கு விளங்கிவிட்டது. அறைக்குப் போய்க் கடிதத்தை நாலாகக் கிழித்தார். குப்பைக் கூடையில் போடாமல் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

தொட்டிக்குப் பன்னிரண்டு, ஆளுக்கொரு ஓடு, நாள்தோறும் தீன் என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவாகக் கொழும்புக்குப் போனது. நல்ல பெயர் கிடைத்தது. அடுத்த வருடம் பதவி உயர்வோடு அவரும் அங்கே போனார். வெளிநாட்டுப் புத்தகத்தை விட்டுவிட்டுப் போயிருந்தார். புதிதாக வந்த உத்தியோகத்தர் அதை வாசித்து எனக்குச் சொன்னார்: நாற்பது என்பது நகத்தளவுக் குஞ்சுகளுக்காம். எங்களுடையவை விரல் நீளம். எனக்கும் ஒரு கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தீன் கொடுக்கத் தவறியமையால் நிரந்தர நியமனம் ஒருவருடம் பிற்போடப்படுகிறது. அனுமதி கேட்டுத்தான் போனேன். ஆனால் அதை நான் எழுத்தில் வாங்கியிருக்கவில்லை.

கடிதத்தைக் கிழித்த அன்றே ஐயா என்னைக் கூப்பிட்டு, "சந்தேகம் நீங்கிவிட்டது என்று காவலாளியிடம் சொல்லிவிடுங்கள்" என்றார்.

"நீங்கள் சொன்னால் நல்லம் ஐயா."

"எனக்கு எழுத வேண்டிய கடிதங்கள் இருக்கின்றன."

பின்னேரம் வாசலில் வைத்துச் சொன்னேன்.

"அப்ப கள்ளன் ஆரு?" என்றார் காசிம் காக்கா.

"றால்தான் காக்கா. ஒண்டை ஒண்டு."

"அதுகள்ற உமலப் பாத்தியா?"

நான் சிரிக்கப் போனேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் உமல் கொண்டுவரவில்லை. கையை வீசிக்கொண்டு மாலை ஆறுக்கு வருவார். பன்னிரண்டு மணி நேரம் குழாய்த்தண்ணீரோடு இருந்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு போவார். மழைக்குக் குடைகூட இல்லை. திரேசாவிடம் சொன்னேன். அவள் மற்றநாள் ஒரு கோப்பை சோறு கூடப் போட்டுத் துணியால் கட்டித் தந்தாள்.

"பசிக்கல்ல" என்றார் காக்கா. தவக்காலம் முழுக்க அந்தக் கோப்பை கட்டு அவிழாமல் வீட்டுக்குத் திரும்பி வந்தது. பிள்ளைகள் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். உயிர்த்த ஞாயிறு கழிந்து ஒருநாள், தீன் போட்டுவிட்டு வெளிக்கிட்ட என்னை நிறுத்தினார்.

"என்ன ஆணம்?"

"சூடை."

"றாலுக்கு வெட்டினதுல மிச்சமா?"

"சீச்சீ. திரேசா சந்தையில வாங்கினது."

"வெச்சிட்டுப் போ."

மற்றநாள் காலையில் வாசலில் கோப்பையோடு நின்றார். கழுவித் துடைத்திருந்தார். நான் கை நீட்டினேன். தரவில்லை. என் முகத்துக்கு நேரே கோப்பையைக் கவிழ்த்துப் பிடித்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"வேணாம் காக்கா."

"பாரு" என்றார்.

பார்த்தேன். அவர் பென்சன் எடுத்துப் போகும்வரை ஒவ்வொரு நாள் காலையும் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை என்று நான் வாய்திறந்து சொன்னபிறகுதான் கோப்பையைத் தருவார்.